வாசலைக் குறுக்காதீர்கள்: மயில்களின் ஊரிலிருந்து ஒரு திறந்த மடல்

என்சிஏஏ முதல் பிரிவு ஆடவர் கூடைப்பந்துக் குழுவின் உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

நான் ஜெர்சி சிட்டியில் இருபது வருடமாகக் குடியிருப்பவள். ஜர்னல் ஸ்கொயர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் வீடு. வாசலில் இறங்கி ஒரு பக்கம் நடந்தால் நியூவார்க் அவென்யூ, முருங்கைக்காயும் மல்லிகைச் சரமும் கிடைக்கும் இந்தியக் கடைத்தெரு. இன்னொரு பக்கம் கென்னடி பூலவார்டில் நடந்தால் கொஞ்ச நேரத்தில் செயின்ட் பீட்டர்ஸ் பல்கலைக்கழகம். என் மகள் அங்கேதான் நர்சிங் படித்தாள். 2022 மார்ச் மாதம் அந்தக் கல்லூரியின் அணி, நீங்கள் நடத்தும் அமெரிக்கக் கல்லூரிகளின் தேசியக் கூடைப்பந்துப் போட்டியில் என்ன செய்தது என்பது உங்களுக்கு நன்றாகத் தெரியும். அந்த அணி எந்த வாசல் வழியாக உள்ளே வந்தது என்பதை நினைவுபடுத்தவும், போட்டியில் அணிகளின் எண்ணிக்கையைக் கூட்டும்போது அந்த வாசலைக் குறுக்காதீர்கள் என்று கேட்கவும்தான் இந்த மடல்.

இதைத் தமிழில் எழுதுகிறேன். அந்தப் பத்துப் பதினொரு நாளும் எங்கள் வீட்டில் ஆட்டத்தைத் தமிழில்தான் பார்த்தோம், தமிழில்தான் கத்தினோம், தமிழில்தான் அழுதோம். மனதில் இருப்பது இந்த மொழியில்தான் எனக்கு முழுதாக வரும். என் மகள் ஆங்கிலத்தில் பெயர்த்து உங்கள் முகவரிக்கு அனுப்புவாள். இங்கே தமிழில் வாசிக்கிறவர்களுக்காகச் சில விஷயங்களைக் கொஞ்சம் விளக்கியும் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

செயின்ட் பீட்டர்ஸ் 1872இல் யேசு சபைப் பாதிரியார்கள் தொடங்கிய கல்லூரி. இளங்கலை மாணவர்கள் மூவாயிரம் பேர்கூட இல்லை. அவர்களில் எத்தனையோ பேருக்கு, வீட்டில் முதல் பட்டதாரி தாங்கள்தான். பகலில் வகுப்பு, மாலையில் வேலை, ராத்திரி பஸ்ஸில் வீடு என்று படிக்கிற பிள்ளைகள். அணியின் சின்னம் மயில். முதல் பிரிவில் ஆடும் முந்நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட கல்லூரிகளில் மயிலைச் சின்னமாக வைத்திருப்பது இது ஒன்றுதான். இந்த நிலம் 1630இல் மைக்கேல் பாவ் என்ற டச்சு வணிகருக்கு எழுதிக்கொடுக்கப்பட்டதாம். பாவ் என்றால் டச்சு மொழியில் மயில். அவர் பெயரை லத்தீனாக்கி இந்தக் குடியேற்றத்துக்கு பவோனியா என்று பெயர் வைத்தார்கள். பவோனியா அவென்யூ என்று இன்றும் இங்கே ஒரு தெரு இருக்கிறது. ஊரிலிருந்து வந்திருந்த என் மாமியாருக்கு இந்தக் கதையெல்லாம் வேண்டியிருக்கவில்லை. மகளின் சட்டையில் மயிலைப் பார்த்ததும், "முருகன் வாகனமா? நல்ல காலேஜ்தான்" என்று சொல்லிவிட்டார்.

அந்த வருடம் பிப்ரவரியில் மகளோடு ஒரு ஆட்டம் பார்க்கப் போயிருந்தேன். கல்லூரியின் உடற்பயிற்சிக் கூடத்துக்கு 'ரன் பேபி ரன்' அரங்கம் என்று பெயர். 1968இல் இதே கல்லூரியின் அணி நியூயார்க்கில் நடந்த என்ஐடி என்ற இன்னொரு தேசியப் போட்டியில் டியூக் பல்கலைக்கழகத்தை 100-71 என்று தோற்கடித்தது. ஓடி ஓடி ஆடிய அந்த அணிக்கு ஊர் வைத்த செல்லப் பெயரைத்தான் அரங்கத்துக்கு வைத்திருக்கிறார்கள். நான் போன அன்று இருக்கைகளில் பாதிகூட நிறையவில்லை. அதனால் எல்லாமே காதில் விழுந்தது. மரத்தரையில் ஷூ கிறீச்சிடுவது, பந்து வளையத்தில் பட்டுத் திரும்புகிற சத்தம், கோச் ஷஹீன் ஹாலோவே ஆட்டம் முழுக்க உட்காராமல் நின்றுகொண்டு ஒவ்வொரு பையனின் பெயரையும் கூப்பிடுவது. எதிரணிக்காரன் ஒருவன் பந்தோடு வளையத்துக்குக் கீழே வந்தபோது கேசி இன்டெஃபோ எங்கிருந்தோ எழும்பி அதைத் தட்டிவிட்டார். பந்து எங்கள் வரிசைக்கு முன்னால் வந்து விழுந்தது. அதை எடுக்க ஓடிவந்த பையனுக்கு என் மகளின் வயதுதான் இருக்கும். மூச்சு வாங்க, "சாரி மேம்" என்று சொல்லிவிட்டுத்தான் பந்தை எடுத்துக்கொண்டு ஓடினான்.

அந்தப் பருவம் அவர்களுக்குச் சுலபமாக அமையவில்லை. கொரோனா வந்து குளிர்காலத்தில் வாரக்கணக்கில் ஆட்டமே இல்லாமல் கிடந்தார்கள். ஒரு கட்டத்தில் 12 வெற்றி, 11 தோல்வி. உங்கள் தரப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு யாராவது அன்று இந்த அணியைப் பார்த்திருந்தால் புரட்டிவிட்டுப் போயிருப்பார்கள். அதில் தப்பு சொல்லமாட்டேன். பதினொரு தோல்வி பதினொரு தோல்விதான்.

அதற்குப் பிறகு அவர்கள் தோற்கவில்லை. அட்லாண்டிக் சிட்டியில் நடந்த மெட்ரோ அட்லாண்டிக் கான்ஃபரன்ஸ் போட்டியில் மூன்று ஆட்டமும் ஜெயித்தார்கள். கான்ஃபரன்ஸ் என்றால் தங்களுக்குள் ஆடும் கல்லூரிகளின் கூட்டமைப்பு. மார்ச் 12, சனிக்கிழமை, இறுதி ஆட்டத்தில் மான்மவுத்தை 60-54 என்று வென்றார்கள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை உங்கள் குழு அட்டவணையை அறிவித்தபோது அதில் செயின்ட் பீட்டர்ஸ் இருந்தது. கான்ஃபரன்ஸ் சாம்பியனுக்குத் தானாக ஓர் இடம் என்று விதி இருந்ததால்தான் அந்தப் பெயர் அங்கே வந்தது. அந்த வருடம் 68 இடங்களில் 32 அப்படிச் சாம்பியன்களுக்குப் போனது. மீதி 36 உங்கள் குழு தேர்ந்தெடுத்தது. அந்த 36க்குள் செயின்ட் பீட்டர்ஸ் வந்திருக்குமா? வராது. உங்கள் மனசுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

போட்டியின் நான்கு மண்டலங்களிலும் அணிகளுக்கு 1 முதல் 16 வரை தரநிலை உண்டு, 1 தான் மிக வலுவான அணி. செயின்ட் பீட்டர்ஸுக்குக் கிழக்கு மண்டலத்தில் 15ஆம் தரநிலை. எதிரே 2ஆம் தரநிலையில் கென்டக்கி. எட்டு முறை தேசியச் சாம்பியன். அந்தச் சமயத்தில் பத்திரிகைகள் ஒரு கணக்கு எழுதின. கென்டக்கி தன் ஆடவர் கூடைப்பந்து அணிக்கு ஒரு வருடத்தில் 18 மில்லியன் டாலருக்கு மேல் செலவழிக்கிறது, செயின்ட் பீட்டர்ஸ் செலவழிப்பது ஏறத்தாழ 1.6 மில்லியன். இந்தக் கல்லூரி அதற்கு முன்னால் 1991, 1995, 2011 என்று மூன்று முறை உங்கள் போட்டிக்கு வந்து ஒரு ஆட்டம்கூட ஜெயித்ததில்லை.

மார்ச் 17, வியாழக்கிழமை இரவு. உங்கள் தலைமையகம் இருக்கிற அதே இண்டியானாபொலிஸ் நகரம். எங்கள் வீட்டில் மகள், மாமியார், நான், பக்கத்து வீட்டு அக்கா. அக்காவுக்குக் கூடைப்பந்து தெரியாது. மாமியாருக்கும் தெரியாது. முதல் பாதி முடிவதற்குள் இரண்டு பேருக்கும் ஃப்ரீ த்ரோ என்றால் என்ன, மூன்று புள்ளிக் கோடு எங்கே இருக்கிறது என்பதெல்லாம் தெரிந்துவிட்டது. கென்டக்கியின் ஆஸ்கர் ஷீப்வே அந்த வருடம் நாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்று விருது வாங்கப்போகிறவர். அன்று அவர் மட்டும் 30 புள்ளி, 16 ரீபவுண்ட் (வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தைப் பிடிப்பது). அவரை யாராலும் தடுக்க முடியவில்லை. ஆனால் இந்தப் பக்கம் டேரில் பேங்க்ஸ் 27 போட்டார். பெஞ்சிலிருந்து எழுந்து வந்த டக் எடர்ட், மெல்லிய மீசை வைத்த நியூ ஜெர்சிப் பையன், 20 போட்டார். முழு நேரம் முடிந்தபோது 71-71. கூடுதல் நேரத்தில் 85-79.

கடைசி மணி அடித்தபோது மகள் தரையில் உட்கார்ந்து அழுதாள். வெளியே கென்னடி பூலவார்டில் கார்கள் ஹாரன் அடித்துக்கொண்டே போயின. மறுநாள் காலையில் நியூவார்க் அவென்யூவில் கறிவேப்பிலை வாங்கப் போனேன். கல்லாவில் இருந்த குஜராத்திக்காரர் வழக்கமாக மீதிச் சில்லறையைக்கூடப் பேசாமல் கொடுப்பவர். அன்று என் மகளின் மயில் சட்டையைப் பார்த்துவிட்டு, "நம்ம பசங்க!" என்றார் இந்தியில். இந்தக் கடைத்தெருவுக்கும் அந்தக் கல்லூரிக்கும் கூப்பிடு தூரம்தான். ஆனாலும் இத்தனை வருடத்தில் 'நம்ம பசங்க' என்று அவர் வாயிலிருந்து வந்தது அன்றுதான்.

இரண்டு நாள் கழித்து மர்ரே ஸ்டேட். அந்தப் பருவத்தில் அதுவரை இரண்டே இரண்டு ஆட்டம் தோற்றிருந்த அணி. இன்டெஃபோ 17 புள்ளி, 10 ரீபவுண்ட், 6 பிளாக் (எதிரணி எறியும் பந்தைத் தட்டிவிடுவது). 70-60. ஆட்டம் முடிந்து கோச் ஹாலோவே நிருபர்களிடம் பேசியதைப் பலமுறை போட்டுக் கேட்டிருக்கிறேன். என்னிடம் இருப்பவர்கள் நியூ ஜெர்சி, நியூயார்க் பையன்கள், இவர்களா எதற்காவது பயப்படுவார்கள் என்கிற பொருளில் சொன்னார். சத்தமாகச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்வதுபோலத்தான் சொன்னார்.

அடுத்த வெள்ளிக்கிழமை பிலடெல்பியாவில் பர்டியூ. அங்கே ஏழடி நான்கு அங்குல உயரத்தில் சாக் ஈடி நிற்கிறார். நம் அணியில் அவர் உயரத்துக்கு ஒருவர் கிடையாது. கடைசி நொடியில் பர்டியூவின் ஜேடன் ஐவி எறிந்த மூன்று புள்ளிப் பந்து காற்றில் இருந்த நேரம் முழுக்க மாமியார் கண்ணை மூடிக்கொண்டு கந்தர் சஷ்டி கவசம் சொல்லிக்கொண்டிருந்தார். பந்து உள்ளே போகவில்லை. 67-64. 15ஆம் தரநிலை அணி ஒன்று கடைசி எட்டுக்குள் வந்தது உங்கள் போட்டியின் வரலாற்றில் அதுவே முதல் முறை.

ஞாயிற்றுக்கிழமை வட கரோலினாவிடம் 69-49 என்று தோற்றார்கள். அர்மாண்டோ பேகாட் 22 ரீபவுண்ட் எடுத்தார். ஆரம்பத்திலிருந்தே நம் பிள்ளைகளுக்குப் பந்து உள்ளே போகவில்லை. அதைப் பற்றி வேறு சொல்ல ஒன்றுமில்லை, நல்ல அணியிடம் தோற்றார்கள். பருவம் முழுவதற்கும் 22 வெற்றி, 12 தோல்வி.

இந்தக் கதையை இத்தோடு நிறுத்தினால் எல்லாருக்கும் இனிப்பாக இருக்கும். நான் உங்களிடம் பேச வந்தது இதற்குப் பிறகு நடந்ததைச் சேர்த்துத்தான்.

அந்தத் தோல்விக்கு மூன்றே நாளில் கோச் ஹாலோவே தான் படித்த சீட்டன் ஹால் கல்லூரிக்குப் போனார். 2018-19இல், இங்கே அவருடைய முதல் பருவத்தில், அணிக்குக் கிடைத்தது 10 வெற்றி, 22 தோல்வி. அங்கிருந்து பிள்ளைகளை வருடக்கணக்காக வளர்த்துக் கொண்டுவந்தவர் அவர். அவருக்குப் பின்னாலேயே அணியும் கலைந்தது. இன்டெஃபோ அவரோடு சீட்டன் ஹால். பேங்க்ஸ் செயின்ட் போனவென்ச்சர். எடர்ட் பிரயன்ட். மேத்யூ லீ மிசௌரி ஸ்டேட். மாலி நாட்டிலிருந்து வந்து ஆடிய இரட்டையர்கள் ஹசன் டிராமே, ஃபுசேனி டிராமே இரண்டு பேரும் லா சால். இலையுதிர்காலத்தில் மகள் கல்லூரிக்குத் திரும்பியபோது அந்தக் கூட்டத்தில் பெரும்பாலோர் இல்லை.

அவர்கள்மேல் எனக்குத் துளியும் வருத்தமில்லை. இதை நான் அழுத்திச் சொல்லவேண்டும், ஏனென்றால் இதைச் சொன்னாலே வீரர்களின் சுதந்திரத்துக்கு எதிரானவள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இத்தனை கோடி டாலர் புரளும் ஆட்டத்தில், ஆடுகிறவனுக்கு மட்டும் சம்பளம் கூடாது, கல்லூரி மாறினால் ஒரு வருடம் பெஞ்சில் உட்கார வேண்டும் என்று வைத்திருந்தது அநியாயம். 2021 ஏப்ரலில் நீங்கள் அந்த விதியைத் தளர்த்தினீர்கள். அதே வருடம் ஜூலையிலிருந்து வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்று ஆனது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஒப்புதல் கொடுத்த உடன்பாட்டுக்குப் பிறகு ஒரு கல்லூரி தன் எல்லா விளையாட்டு வீரர்களுக்குமாகச் சேர்த்து நேரடியாகவே பணம் கொடுக்கலாம், முதல் வருடமான 2025-26க்கு அதன் உச்சவரம்பு 20.5 மில்லியன் டாலர். கொடுக்கட்டும். என் மகன் அந்த அணியில் இருந்திருந்தால் நானும், "போ ராசா, நல்ல இடமாகப் பார்த்துப் போ" என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஆனால் இந்த மாற்றங்கள் ஒவ்வொன்றும் எந்தப் பக்கம் சாய்கின்றன என்று பாருங்கள். நல்ல கோச்சை வளர்த்தால் பெரிய இடம் எடுத்துக்கொள்கிறது. நல்ல ஆட்டக்காரனை வளர்த்தால் அவனையும் பெரிய இடம் எடுத்துக்கொள்கிறது. பணம் கொடுக்கலாம் என்றால் 20 மில்லியன் கொடுக்கக்கூடியவரும், கூடைப்பந்து அணியை மொத்தமே 1.6 மில்லியனில் நடத்துகிறவரும் ஒரே சந்தையில் நிற்கிறார்கள். பெரிய கான்ஃபரன்ஸ் அணிகளைத் தங்கள் சொந்த அரங்கத்துக்கு வந்து ஆடச் சொல்லி ஒரு சிறிய கல்லூரியால் கூப்பிட முடியாது. கூப்பிட்டாலும் வரமாட்டார்கள். அவர்களோடு ஆடாமல் உங்கள் தரப்பட்டியலில் ஏறவும் முடியாது. இதில் எதையும் நீங்கள் திருப்பிப் போடமுடியாது, திருப்பிப் போடவும் நான் கேட்கவில்லை.

மிச்சம் இருப்பது அந்த ஒரு வாசல்தான். நவம்பரிலிருந்து எத்தனை தோற்றிருந்தாலும், மார்ச்சில் உன் கான்ஃபரன்ஸை ஜெயித்து வா, மற்ற எல்லாரோடும் சேர்த்து உன்னையும் வியாழக்கிழமை களத்தில் இறக்குகிறோம் என்கிற வாக்கு. அந்த வாக்கின் மேல்தான் இந்த ஊர்ப் பிள்ளைகள் பிப்ரவரிக் குளிரில் பாதி காலியான கூடத்தில் ஆடுகிறார்கள்.

இப்போது அந்த வாசலைப் பற்றிய பேச்சு எனக்குப் பயம் தருகிறது. 2024 மார்ச்சில் தென்கிழக்குக் கான்ஃபரன்ஸின் ஆணையர் கிரெக் சாங்கி, சிறிய கான்ஃபரன்ஸ் சாம்பியன்களுக்கு இப்படித் தானாக இடம் போவதைப் பற்றி வெளிப்படையாகவே கேள்வி எழுப்பினார். 2025 முழுக்க எண்ணிக்கையை 72 ஆக்கலாமா, 76 ஆக்கலாமா என்று நீங்கள் பேசினீர்கள். 2026 போட்டிக்கு 68தான் என்று 2025 ஆகஸ்டில் அறிவித்தபோது எங்கள் வீட்டில் நிம்மதியாக இருந்தது. ஆனால் பேச்சு அதோடு அடங்கிப்போகிற பேச்சாகத் தெரியவில்லை.

எண்ணிக்கை கூடினால் எல்லாருக்கும் நல்லதுதானே என்று என் வீட்டுக்காரரே கேட்டார். ஒரு தாளை எடுத்து அவருக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். உங்களுக்கும் காட்டுகிறேன்.

வியாழக்கிழமை தொடங்கும் முதன்மை அட்டவணையில் 64 கட்டங்கள். 2026 போட்டி வரை 68 அணிகள் என்பதால், ஓஹையோவின் டேட்டன் நகரில் செவ்வாயும் புதனும் நான்கு முன்னோட்ட ஆட்டம் வைத்து நான்கு பேரைக் குறைத்து வந்தீர்கள். கொரோனாவால் இடமும் நாளும் மாறிய 2021 தவிர, 2011லிருந்து இதுதான் முறை. அந்த எட்டு அணிகளில் நான்கு, கடைசியாகத் தேர்வான அணிகள். இன்னொரு நான்கு, கடைசித் தரவரிசையில் இருக்கும் கான்ஃபரன்ஸ் சாம்பியன்கள். 76 அணிகள் என்றால் பன்னிரண்டு முன்னோட்ட ஆட்டம் வேண்டும். இதே பாதிக்குப் பாதி முறையை அப்படியே நீட்டினால் பன்னிரண்டு சாம்பியன்கள் அங்கே போகவேண்டும். ஆறு பேர் வியாழக்கிழமையைப் பார்க்காமலே வீடு திரும்புவார்கள். 16ஆம் தரநிலைக் கட்டம் நான்கும் அதில் போய்விடும். 15ஆம் தரநிலையிலும் இரண்டு போகும்.

2022இல் செயின்ட் பீட்டர்ஸ் 15ஆம் தரநிலை.

சனிக்கிழமை அட்லாண்டிக் சிட்டியில் இறுதி ஆட்டம். ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பு. திங்கட்கிழமை விமானம். செவ்வாய் இரவு ஒரு ஆட்டம். புதன் இன்னொரு ஊர். வியாழன் கென்டக்கி. கூடுதல் நேரம் வரை போன அந்த ஆட்டத்தில், அந்தக் கால்களில் கடைசி ஐந்து நிமிடம் மிச்சம் இருந்திருக்குமா? எனக்குத் தெரிந்தவரை கூடைப்பந்தில் முதலில் சோர்வது கால்தான். கால் சோர்ந்தால் ஃப்ரீ த்ரோ, அதாவது எதிரணி தவறு செய்தால் மறிப்பில்லாமல் எறியக் கிடைக்கும் பந்து, குட்டையாக விழும். அன்று அவர்கள் ஃப்ரீ த்ரோவைத் தவறவிட்டது அபூர்வம்.

நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். 2023இல் ஃபேர்லி டிக்கின்சன் டேட்டனில் ஆடிவிட்டு வந்துதானே பர்டியூவை 63-58 என்று வென்றது? உண்மை. அதுவும் எங்கள் நியூ ஜெர்சி அணிதான், 16ஆம் தரநிலையிலிருந்து முதல் தரநிலையை வென்றது. நாடு முழுவதிலும் சராசரி உயரத்தில் மிகக் குட்டையான அணி அது. அந்த ராத்திரியும் எங்கள் வீட்டில் யாரும் தூங்கவில்லை. ஆனால் ஆடவர் போட்டியில் 16ஆம் தரநிலை அணி முதல் தரநிலையை வென்றது 2018இல் யுஎம்பிசியும் இந்த அணியும் சேர்த்து மொத்தமே இரண்டு முறைதான். அத்தனை அரிய ஒன்றைக் காட்டி, கூடுதலாக ஒரு ஆட்டம் ஆடுவதில் கஷ்டமே இல்லை என்று சொல்வது நியாயமாகாது. முன்னோட்ட ஆட்டத்துக்கும் கான்ஃபரன்ஸுக்குப் போட்டி வருமானத்திலிருந்து பங்குத்தொகை உண்டு என்பீர்கள். அதுவும் உண்மை. சிறிய கான்ஃபரன்ஸுக்கு அந்தப் பணம் பெரிது, அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் பங்குத்தொகைக்காக அந்தப் பையன்கள் ஆடவில்லை. கென்டக்கியோடு ஆடவேண்டும் என்று ஆடினார்கள்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. 68 ஆகட்டும், 72 ஆகட்டும், 76 ஆகட்டும், கான்ஃபரன்ஸ் சாம்பியன்கள் எல்லாரும் நேரே 64க்குள் வரட்டும். முன்னோட்ட ஆட்டங்கள் முழுவதும் உங்கள் குழு கடைசியாகத் தேர்ந்தெடுக்கும் அணிகளுக்குள் நடக்கட்டும். ஜெயித்து வந்தவர்கள் நேரே வரட்டும், தேர்வாகி வந்தவர்கள் ஒரு ஆட்டம் ஆடிவிட்டு வரட்டும். பெரிய கான்ஃபரன்ஸில் எட்டாவது, ஒன்பதாவது இடத்தில் முடித்த ஒரு அணிக்கு இன்னொரு வாய்ப்புத் தருவது நல்ல காரியம். அந்த வாய்ப்பைத் தன் ஊரில் முதலிடம் பிடித்தவனின் வியாழக்கிழமையிலிருந்து வெட்டித் தராதீர்கள். முன்னோட்ட ஆட்டம் ஆடுவது அவர்களுக்கு ஒன்றும் கேவலமில்லை. 2011இல் விசியு, 2021இல் யுசிஎல்ஏ அணிகள் இரண்டும் அதிலிருந்து புறப்பட்டுக் கடைசி நான்கு வரை போனவைதான்.

உங்கள் குழுவில் பன்னிரண்டு பேர். சிலர் பெரிய பல்கலைக்கழகங்களின் விளையாட்டு இயக்குநர்கள், சிலர் சிறிய கான்ஃபரன்ஸ்களை நடத்துகிறவர்கள். இந்தச் சிறிய இடங்களிலிருந்து வந்தவர்களிடம் நான் தனியாக ஒரு வார்த்தை சொல்ல விரும்புகிறேன். உங்களுக்கு அந்த அறையில் குரல் குறைவாக இருக்கலாம். பெரிய கான்ஃபரன்ஸ்கள் தனிப் போட்டி வைத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயமுறுத்தவும் செய்யலாம். இருந்தாலும் இந்த ஒன்றை மட்டும் விட்டுக்கொடுத்துவிடாதீர்கள். நீங்கள் விட்டுவிட்டால் இதைக் கேட்க அங்கே வேறு ஆள் இல்லை.

அணி கலைந்த பிறகு ஜெர்சி சிட்டியிலேயே வளர்ந்த பஷீர் மேசன் கோச்சாக வந்தார். புதுப் பையன்களைச் சேர்த்தார். 2024இல் செயின்ட் பீட்டர்ஸ் மறுபடியும் மெட்ரோ அட்லாண்டிக் சாம்பியன் ஆனது, மறுபடியும் 15ஆம் தரநிலை, மறுபடியும் நேரே 64க்குள். டென்னசியிடம் 83-49 என்று தோற்றது. என் மகள் அப்போது நர்ஸாகிவிட்டாள், அன்று இரவு வேலை. இடைவேளையில் ஃபோனில் பார்த்துவிட்டு, "அம்மா, இருபது முப்பது புள்ளி பின்னாடி இருக்காங்க, ஆனா இன்னும் முழு மைதானமும் ஓடி மறிக்கிறாங்க" என்று செய்தி அனுப்பினாள்.

அடுத்த முறை கூடி உட்கார்ந்து எண்ணிக்கையைப் பற்றிப் பேசும்போது, 2022 கிழக்கு மண்டல அட்டவணையை எடுத்து மேசைமேல் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் முன்னால் இருக்கும் புதுத் திட்டத்தில் அந்த 15ஆம் எண் அணி செவ்வாய்க்கிழமை எந்த ஊரில் இருந்திருக்கும் என்று பார்த்துவிட்டு, அதன் பிறகு வாக்களியுங்கள்.

இப்படிக்கு,
செயின்ட் பீட்டர்ஸ் முன்னாள் மாணவி ஒருத்தியின் தாய்,
ஜெர்சி சிட்டி, நியூ ஜெர்சி